நிற்பவர் தரும் வாடகை

காலை பதினொன்றரை மணி. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு நடுத்தர உணவகம். டிபன் கூட்டம் ஓய்ந்துவிட்டது. சாப்பாட்டுக் கூட்டம் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. சுவரோரம் உள்ள ஆறு மேசைகளிலும் மடிக்கணினிகள் திறந்திருக்கின்றன. நாலு பேர் உட்காரும் மேசைக்கு ஒருவர். ஒவ்வொருவர் எதிரிலும் ஆடை படிந்து ஆறிப்போன காபி. சப்ளையர் ஈரத் துணியோடு வருகிறார். சார்ஜர் ஒயரை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, அடியில் துடைத்து, பழையபடியே கிடத்திவிட்டுப் போகிறார். காதில் ஹெட்போனோடு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கும் பெண், "சாரிண்ணா" என்று உதட்டை மட்டும் அசைக்கிறார். பன்னிரண்டரைக்கு ஒரு குடும்பம் வந்து நிற்கிறது. கூடவே கைத்தடி ஊன்றிய ஒரு பாட்டி. சப்ளையர் அவர்களைப் பார்க்கிறார், மேசைகளைப் பார்க்கிறார், கல்லாவைப் பார்க்கிறார். கல்லாவில் இருப்பவர் பில் புத்தகத்தைப் புரட்டத் தொடங்குகிறார்.

'வைஃபை இலவசம், உட்கார்ந்து வேலை பார்க்கலாம்' என்று வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டியவர் அவர்தான். வா என்று அழைத்தவரை எழுந்திரு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்த வேலையைச் சப்ளையர் பார்வையாலேயே முடித்துவிட மாட்டாரா என்று எதிர்பார்க்கிறார். குடும்பம் பத்து நிமிடம் நின்றுவிட்டு வெளியேறியது.

உணவகமே அலுவலகமாகவும் இருப்பது இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கோவையிலும் சாதாரணமாகிவிட்டது. அப்படி இருப்பதில் தவறில்லை என்பதே நம் எண்ணம். ஆனால் இப்போது அது நடக்கும் விதம் அநியாயமானது. ஒரு நாற்காலிக்கு விலை உண்டு. உட்கார்ந்திருப்பவர் அதைத் தருவதில்லை, அவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் தருவதில்லை, அழைத்த முதலாளியும் தன் பையிலிருந்து முழுதாகத் தருவதில்லை. நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்கும் மனிதர்தான் அதில் பெரும்பங்கைத் தருகிறார்.

எப்படி என்று கேட்பவர்கள் அவர் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நம் ஊர் சாப்பாட்டுக் கடை பிழைப்பதே மேசை காலியாகிக் காலியாகி நிறைவதில்தான். கூட்ட நேரத்தில் நாம் கையில் சாதத்தைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நிற்பார். கல்யாணப் பந்தியில் பாயசம் வரும் முன்பே முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பதை அனுபவிக்காத தமிழர் கிடையாது. பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை ஒரு மேசையில் அரை மணிக்கு ஒரு குழு என்று ஆறு குழுக்கள் சாப்பிட்டு எழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். குழுவுக்குப் பத்து ரூபாய் வைத்தாலும் அந்த மேசையைப் பார்த்துக்கொள்ளும் சப்ளையருக்கு அறுபது ரூபாய். அதே மேசையில் ஒரு மடிக்கணினி மூன்று மணி நேரம் நின்றுவிட்டால், கடைசியில் கைப்பேசியில் ஸ்கேன் செய்து காபிக்கு நாற்பது ரூபாய் வரும். சில்லறையே புழங்காததால் தட்டில் மீதி எதுவும் மிஞ்சாது. முதலாளிக்கு அந்த நஷ்டம் மாதக் கணக்கில் எப்படியோ சரிக்கட்டப்படும். 'வேலைக்கு ஏற்ற இடம்' என்ற பெயரும் அவருக்குக் கிடைக்கும். சப்ளையருக்கு இழந்தது இழந்ததுதான். அன்று இரவு ஊருக்கு அனுப்பும் பணத்தில் அந்த அறுபது இருக்காது.

இதைச் சொன்னதும் லண்டன் காபிக் கடைகளை இழுத்து வந்து வாதிடுபவர்கள் உண்டு. உலகத்தின் பெரிய வணிகங்களே காபிக் கடையில் பிறந்தவைதானே என்பார்கள். உண்மைதான். எட்வர்ட் லாய்ட் என்பவர் 1680-களில் லண்டன் டவர் தெருவில் நடத்திய காபிக் கடையில் கப்பல் முதலாளிகளும் மாலுமிகளும் கூடினார்கள். எந்தக் கப்பல் எங்கே கிடக்கிறது, எது மூழ்கியது என்ற செய்திகள் அங்கே கிடைத்தன. கப்பல் காப்பீட்டு வணிகம் அந்த மேசைகளில்தான் வளர்ந்தது. ஆனால் கதையின் பின்பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொழில் பெருத்து இடம் போதாமல் போனபோது, 1771-இல் 79 பேர் ஆளுக்கு 100 பவுண்டு போட்டுத் தங்களுக்கென்று புது இடம் தேடக் கிளம்பினார்கள். காபிக் கடைக்காரர் இடத்தில் கோடிக் கணக்கில் வணிகம் செய்தவர்கள், உட்காரும் இடத்துக்குத் தாங்களே பணம் கட்ட வேண்டும் என்று ஒரு கட்டத்தில் உணர்ந்தார்கள். இன்றும் லாய்ட்ஸ் நிறுவனத்தில் சீருடை அணிந்த பணியாளர்களுக்கு 'வெயிட்டர்' என்றுதான் பெயர். அந்தப் பெயரை மட்டும் பாரம்பரியமாகக் காப்பாற்றியவர்களை விட, அந்த நூறு பவுண்டைக் கட்டியவர்களே நமக்கு முக்கியமானவர்கள்.

நேர்மையாகச் செய்ய முடியும் என்பதற்குப் பக்கத்து ஊரிலேயே சான்று இருக்கிறது. 2014-இல் பெங்களூரு சர்ச் தெருவில் தொடங்கிய 'சோஷியல்' பகலில் வேலைக்கூடமாகவும் மாலையில் உணவகமும் மதுக்கூடமுமாகவும் இயங்கியது. மாதம் 5,000 ரூபாய் கட்டினால் மேசையும் இணையமும் கிடைக்கும், கட்டிய பணத்தைச் சாப்பாட்டிலும் பானத்திலும் கழித்துக்கொள்ளலாம் என்பது அதன் ஏற்பாடு. விலை எழுதப்பட்டிருந்ததால் உட்காருபவருக்கும் கூச்சமில்லை, எழுப்ப வேண்டுமே என்ற தர்மசங்கடம் சப்ளையருக்கும் இல்லை. நியூயார்க்கில் 2016-இல் தொடங்கிய 'ஸ்பேஷியஸ்' இன்னும் ஒரு படி யோசித்தது. இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் திறக்கும் பெரிய உணவகங்கள் பகல் முழுவதும் பூட்டிக் கிடப்பதைப் பார்த்து, அந்த நேரத்தில் அவற்றை வேலைக்கூடமாக்கி, சந்தாவில் ஒரு பங்கை உணவகத்துக்குக் கொடுத்தது. வாசலில் பசியோடு நிற்கும் குடும்பத்தின் நாற்காலியை அது பறிக்கவில்லை. 2019 ஆகஸ்டில் வேலைக்கூட நிறுவனமான வீவொர்க் அதை வாங்கி, அதே ஆண்டு டிசம்பரில் மூடிவிட்டது. வாங்கிய நிறுவனம் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட காலம் அது. யோசனையில் பழுதில்லை.

அதே சர்ச் தெருவில் இன்னொரு கடையும் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேசுவது நியாயமாகாது. 1950-களின் நடுவில் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடித் தொழிலாளர்களை வெளியே அனுப்பியது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உள்ளிட்டோர் முன்னின்று, அந்தத் தொழிலாளர்களே கடைகளை எடுத்து நடத்தும்படி கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தார்கள். அவற்றில் முதலாவது 1957 ஆகஸ்டில் பெங்களூரில் உருவானது. அந்தச் சங்கம் நடத்தும் பெங்களூரு இந்தியன் காபி ஹவுஸ் 2009-இல் எம்.ஜி. சாலையிலிருந்து சர்ச் தெருவுக்கு இடம் மாறியது. விசிறி வைத்த தலைப்பாகையோடு காபி கொண்டுவந்து வைப்பவர் அங்கே கடையின் பங்குதாரர். ஒரு காபியோடு ஒருவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசட்டும் என்று அவர் விட்டால், அது அவர் தன் சொத்திலிருந்து தரும் தாராளம். நம் சாலையோர உணவகத்துச் சப்ளையருக்கு அந்தத் தாராளத்தைக் காட்டும் உரிமை இல்லை. அவர் பெயரில் முதலாளி காட்டுகிறார், செலவு மட்டும் அவர் தலையில் விழுகிறது.

நிற்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக் கடைப் பெண்கள், வாடிக்கையாளர் இல்லாதபோதாவது உட்கார விடுங்கள் என்று ஆண்டுக் கணக்கில் போராடினார்கள். கேரளம் 2018-இல் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, பணியாளர்களுக்கு இருக்கை வசதி செய்துதர வேண்டும் என்றது. நாள் முழுவதும் நிற்பதால் கால் நரம்பு புடைத்துக்கொள்வதையும் குதிகால் விண்விண்ணென்று தெறிப்பதையும் அரசு ஒரு தொழிலாளர் பிரச்சினையாக ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம். நகைக் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் பொருந்தும் நியாயம் உணவகத்துக்கும் பொருந்தும். கால் வலி எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று பார்த்து வருவதில்லை. அப்படியிருக்க, எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்க்க வாருங்கள் என்று ஊரை அழைக்கும் ஒரு கடையில், பத்து மணி நேரம் வேலை பார்ப்பவருக்கு ஒரு ஸ்டூல்கூட இல்லை என்பது வெட்கப்பட வேண்டிய நிலைமை. வேலைக்கூடம் என்று பலகை வைப்பவர், அங்கே ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் முதலில் இருக்கை போட வேண்டும்.

இதையெல்லாம் சொன்ன பிறகும் நம் கோபம் அந்த ஹெட்போன் பெண் மீது திரும்பவில்லை. அவரிடம் பேசிப் பார்த்தோம். விழுப்புரம் பக்கம் ஊர். வேளச்சேரியில் மகளிர் விடுதியில் மூன்று பேர் தங்கும் அறை. கட்டில்களுக்கு நடுவே ஒரு வாளி வைக்கத்தான் இடம் இருக்கிறது. அறைக்கு ஒரே ஒரு பிளக். அறைத் தோழி ஒருவருக்கு இரவு ஷிப்ட் என்பதால் பகலில் தூங்க வேண்டும். அங்கே உட்கார்ந்து இவர் வாடிக்கையாளரோடு பேச முடியாது. கொரோனாவுக்குப் பிறகு இவருடைய நிறுவனம் கட்டடத்தில் இரண்டு மாடிகளைக் காலி செய்துவிட்டது. அலுவலகம் போனாலும் நாற்காலியை முன்கூட்டியே செயலியில் பதிவு செய்ய வேண்டும், காலை ஏழு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். அதனால் உணவகம். ஒரு காபியோடு உட்கார மனசு உறுத்துகிறது என்று, பசி இல்லாத நேரத்தில் வடை வாங்குகிறார், பஜ்ஜி வாங்குகிறார். ஒரு நாளைக்கு இருநூறு ரூபாய் ஆகிவிடுகிறது. மாதத்தில் இருபது நாள் என்றால் நாலாயிரம். தன் முதலாளிக்கு வேலை செய்வதற்காக, தன் சம்பளத்திலிருந்து இடத்துக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார் அவர்.

இந்தத் தலையங்கத்தின் முதல் குற்றவாளி அந்த நிறுவனம்தான். அதைப் போன்ற நூற்றுக்கணக்கான நிறுவனங்கள்தான். 2020 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை விதிகளைத் தளர்த்தி, இத்தகைய நிறுவனங்களின் ஊழியர்கள் வீட்டிலிருந்து மட்டுமின்றி நாட்டின் எந்த இடத்திலிருந்தும் வேலை பார்க்கலாம் என்று அனுமதித்தது. 'எந்த இடத்திலிருந்தும்' என்ற சொல் நிறுவனங்களுக்குத் தேனாக இனித்தது. மாடி வாடகை மிச்சம், ஏசி மின்கட்டணம் மிச்சம், ஜெனரேட்டர் டீசல் மிச்சம், கேன்டீன் மிச்சம், வண்டி மிச்சம். ஆனால் அந்த 'எந்த இடம்' என்பதில் ஒரு மேசை வேண்டும், ஒரு நாற்காலி வேண்டும், ஒரு கழிப்பறை வேண்டும், அதற்கு யாராவது பணம் தர வேண்டும் என்பது ஆணையிலும் இல்லை, நிறுவனத்தின் பணிக் கடிதத்திலும் இல்லை. மிச்சம் பிடித்த வாடகை காற்றில் கரையவில்லை. அதைச் சிறு சிறு துண்டாக வெட்டி, விடுதி அறை மீதும், அந்தப் பெண்ணின் சம்பளத்தின் மீதும், உணவகத்தின் மீதும், கடைசியில் சப்ளையரின் பத்து ரூபாய் மீதும் ஏற்றிவிட்டார்கள்.

முதலாளி தர வேண்டிய செலவை முதலாளியே தர வேண்டும் என்று சொல்ல வேறு நாடுகளுக்கு நெஞ்சழுத்தம் இருந்தது. ஸ்பெயின் 2020 செப்டம்பரில் தொலைப்பணிக்குத் தனிச் சட்டமே போட்டு, அதற்கான கருவிகளையும் செலவையும் நிறுவனத்தின் பொறுப்பாக்கியது. போர்ச்சுகல் 2021-இல், இப்படி வேலை செய்வதால் ஊழியருக்குக் கூடுதலாகும் மின்சார, இணையச் செலவை ஈடுசெய்ய வேண்டும் என்றது. அந்த நாடுகளில் நிறுவனங்கள் ஓடிப்போய்விடவில்லை. இங்கே கேட்டால், 'வேலை கொடுத்ததே பெரிது' என்கிற தொனியில் பதில் வருகிறது. அந்தத் தொனியை ஏற்க முடியாது.

நிறுவனங்கள் கவலைப்படாத இன்னொன்றும் உண்டு. அன்று அந்த உணவகத்தில் அடுத்த மேசையில் ஓர் இளைஞர், யாரோ ஒரு வாடிக்கையாளரின் முழுப் பெயரையும் கைப்பேசி எண்ணையும் கடன் பாக்கியையும் உரக்கச் சொல்லி உறுதிசெய்துகொண்டிருந்தார். நெய் ரோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோர் காதிலும் அது விழுந்தது. யாருடைய கடன் அது? அவர் தன் கடனைப் பற்றிப் பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லாதவராக இருக்கலாம். தனிநபர் தரவைக் காக்க 2023-இல் சட்டம் இயற்றியிருக்கும் நாட்டில், அந்தத் தரவு சாம்பார் வாளிக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. அந்த இளைஞரைக் குறை சொல்லிப் பயனில்லை. கதவு உள்ள ஓர் அறையை அவருக்குத் தராதவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

உட்காருபவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று நாம் சொல்லவில்லை. தென்கொரியாவில் மேசைக் கணினியையும் பிரின்டரையும் தூக்கிக்கொண்டு காபிக் கடைக்கு வந்தவர்களைப் பார்த்து, ஸ்டார்பக்ஸ் 2025 ஆகஸ்டில் அவற்றுக்குத் தடை போட வேண்டியிருந்தது. அந்த நிலை நமக்கு வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் மேசையில் ஒருவர் உட்கார்ந்திருப்பது, எந்தக் காரணம் சொன்னாலும், அடுத்தவர் பசிக்கு எதிராக உட்கார்ந்திருப்பதுதான். நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு, சொந்த வீட்டில் தனி அறையும் வைத்துக்கொண்டு, மாற்றம் வேண்டும் என்பதற்காக மட்டும் வந்து உட்காருபவர்கள் பன்னிரண்டு மணிக்கு எழுந்துவிட வேண்டும். எழும்போது சப்ளையர் கையில் நேரடியாக ஏதாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கல்லாவில் ஸ்கேன் செய்யும் பணம் அவரிடம் போய்ச் சேருவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

உணவக முதலாளிகளிடம் நாம் கேட்பது அதிகமில்லை. உட்காரும் நேரத்துக்கு ஒரு விலையை எழுதி ஒட்டுங்கள். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு, மூன்றரையிலிருந்து ஆறு என்று கடை காலியாக இருக்கும் நேரங்களை அதற்கு ஒதுக்குங்கள். சாப்பாட்டு நேரத்தில் மேசை சாப்பிடுபவருக்கு என்று தைரியமாகச் சொல்லுங்கள். அந்த விலையில் ஒரு பங்கைச் சப்ளையருக்கும் கிளீனருக்கும் பகிர்ந்து கொடுங்கள். ஒயரைத் தூக்கித் துடைப்பதும், பிளக் வேலை செய்யவில்லை என்றால் ஓடி வருவதும், வைஃபை கடவுச்சொல்லை ஒரு நாளைக்கு முப்பது முறை சொல்வதும் சாப்பாடு பரிமாறுவதற்காகப் பேசிய சம்பளத்தில் அடங்காது. நிறுவனங்கள் ஊழியர்களுக்கு இடப்படி என்று ஒரு தொகையைச் சம்பளத்தோடு தர வேண்டும். தானாகத் தராவிட்டால் தொழிலாளர் துறை தரவைக்க வேண்டும். அலுவலகங்களைக் காலி செய்ய அனுமதி கொடுத்த அரசுக்கு, காலி செய்த இடத்தின் வாடகை எங்கே போயிற்று என்று கேட்கும் கடமையும் இருக்கிறது.

அன்று நாம் கிளம்பும்போது மணி மூன்றே முக்கால். சாப்பாட்டுக் கூட்டம் முடிந்திருந்தது. அந்தக் கூடத்தில் முதுகு சாயும் நாற்காலிகள் நாற்பத்தெட்டு இருந்தன, எண்ணிப் பார்த்தோம். சப்ளையர் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட பால் கிரேட்டின் மேல் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து அப்போதுதான் சாப்பிட ஆரம்பித்திருந்தார். அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார். கழிப்பறைக்குப் போக வேண்டும், மடிக்கணினியை விட்டுவிட்டுப் போகப் பயம். சுற்றுமுற்றும் பார்த்தார். "அண்ணா, இதக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?" என்றார். "நீங்க போயிட்டு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, தட்டைக் கிரேட்டின் மேல் வைத்து, அவர் அந்த மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.